ஒன்பதில் ஒருவர்

(கும்மிடிப்பூண்டியில் இளம் தொழிலாளர்களும் மாணவர்களும் சேர்ந்து நடத்திய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்தின் அழைப்பிதழ் வாட்ஸப்பில் போன அன்று இரவே ஒரு தோழர் எனக்குப் போன் செய்தார். நேராக விஷயத்துக்கு வந்தார். "ஏன்க்கா, ஆத்துப்பாக்கத்துல அமிர்தம் அம்மாவைக் கொடி ஏத்த விடாமத் தடுத்தாங்க. இங்கிருந்து பக்கம்தான். அதைப் பேசாம, அமெரிக்காவுல கவுன்சிலரா இருந்த ஒரு பார்ப்பன வீட்டுப் பொண்ணப் பத்தி எதுக்குக்கா பேசணும்?"

அவர் இப்போது நடு வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியாலேயே நான் எழுதி வைத்திருந்த உரையைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்று எழுதினேன். இன்று இரண்டு பேரைப் பற்றியும் பேசுகிறேன். நான் உள்ளாட்சி நிர்வாகத்தைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஊராட்சித் தீர்மானப் புத்தகங்களையும் வவுச்சர்களையும் புரட்டுவதுதான் என் வேலை. அதனால் 'பதவி' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வரும் முதல் கேள்வி, அந்த நாற்காலியில் உட்கார்ந்தவரால் எதில் கையெழுத்துப் போட முடியும் என்பதுதான்.

முதலில் சியாட்டிலுக்குப் போவோம். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கிற நகரம். அமேசானின் தலைமையகம் அங்கே. மைக்ரோசாப்ட் பக்கத்து ஊரான ரெட்மண்டில். நம் மாவட்டத்தில் பொறியியல் படித்த பிள்ளைகள் நிறையப் பேருக்கு அந்த ஊர்களின் பெயர் தெரிந்திருக்கும். அந்த நகரின் மன்றத்துக்கு மொத்தம் ஒன்பது உறுப்பினர்கள். சென்னை மாநகராட்சிக்கு 200 வார்டு, அவர்களுக்கு ஒன்பது பேர். அந்த ஒன்பதில் ஒருவராகப் பத்து வருடம், 2014 தொடக்கத்திலிருந்து 2023 முடிவு வரை, இருந்தவர் க்ஷாமா சாவந்த்.

1973இல் புனேயில் தமிழ்ப் பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தவர். வளர்ந்தது மும்பையில். கம்ப்யூட்டர் படித்து, அமெரிக்கா போய், பிறகு அந்தத் துறையை விட்டுவிட்டுப் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். சியாட்டிலில் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். 2011இல் வால் ஸ்ட்ரீட்டை ஆக்கிரமிப்போம் என்ற இயக்கம் சியாட்டிலிலும் கூடாரம் போட்டபோது அதில் இருந்தார். அடுத்த வருடமே மாநிலச் சட்டமன்றத்துக்கு, அவையின் சபாநாயகரையே எதிர்த்து நின்று தோற்றார். 29 சதவீத வாக்கு. சோசலிஸ்ட் என்று போஸ்டரிலேயே போட்டுக்கொண்டு அமெரிக்காவில் 29 சதவீதம் வாங்குவது சின்ன விஷயமில்லை. 2013இல் நகர மன்றத்துக்கு நின்றார். பதினாறு வருடமாக அந்த இடத்தில் இருந்த ரிச்சர்ட் கான்லின் எதிரே. முதல் நாள் எண்ணிக்கையில் பின்தங்கியிருந்தார். அங்கே தபால் வாக்குகள் பல நாள் எண்ணப்படும். எண்ண எண்ண மேலே வந்து ஜெயித்துவிட்டார்.

உறுப்பினருக்கு ஆண்டுச் சம்பளம் அப்போது சுமார் 1,17,000 டாலர். அதில் 40,000 மட்டும், அதாவது அந்த ஊரில் ஒரு சாதாரணத் தொழிலாளி வாங்குகிற அளவு, எடுத்துக்கொள்வேன், மீதி போராட்ட நிதிக்கு என்று சொல்லித்தான் ஓட்டுக் கேட்டார். இது எனக்குப் பிடித்த விஷயம். ஆனால் இதை வைத்து மட்டும் ஒருவரை எடை போட மாட்டேன். எளிமையாக வாழ்ந்தும் எதுவும் செய்யாத தலைவர்கள் நம்மிடமும் உண்டு.

அவருடைய தேர்தல் கோரிக்கை ஒரே ஒரு எண்: 15. மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலி. அப்போது வாஷிங்டன் மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலி ஒன்பது டாலரைச் சற்றே தாண்டியிருந்தது. 15 என்ற எண்ணை அவர் கண்டுபிடிக்கவில்லை. 2012 நவம்பரில் நியூயார்க்கில் பர்கர் கடைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்தபோது பிறந்த எண் அது. 2013 மே மாதம் சியாட்டிலிலும் அந்தக் கடைகளில் வேலைநிறுத்தம். சாவந்த் அந்த எண்ணை எடுத்து வாக்குச்சீட்டில் வைத்தார்.

ஒன்பதில் ஒருவர் எப்படி ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தார்? தோழர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. மன்றத்துக்குள் அவருக்கு ஒரு கட்சிக்காரர்கூடத் துணை இல்லை. ஆனால் அந்த ஊரில் ஒரு வழி இருக்கிறது. போதுமான கையெழுத்து வாங்கினால் ஒரு சட்ட வரைவை நேரடியாக மக்கள் வாக்கெடுப்புக்கே கொண்டுபோகலாம். மன்றத்துக்கு வெளியே அவர்கள் ஓர் அமைப்பைக் கட்டினார்கள். நீங்கள் சட்டம் போடாவிட்டால் நாங்கள் வாக்கெடுப்புக்குப் போவோம், அதில் விட்டுக்கொடுத்தல் எதுவும் இருக்காது என்றார்கள். மேயர், முதலாளிகளையும் சங்கங்களையும் சாவந்தையும் ஒரே குழுவில் உட்கார வைத்திருந்தார்; இந்தப் பயம் அந்தக் குழுவின் தலைமேல் இருந்தது. 2014 ஜூன் 2ஆம் தேதி சட்டம் ஒருமனதாக நிறைவேறியது.

முழு வெற்றியா என்றால், இல்லை. பெரிய நிறுவனங்களுக்கு மூன்று நான்கு வருட அவகாசம், சிறியவற்றுக்கு ஏழு வருடம் வரை. இந்த ஓட்டைகளை அடைக்க அவர் கொண்டுவந்த திருத்தங்களைத் தோற்கடித்தார்கள். தோற்ற பிறகும் சட்டத்துக்கு ஆதரவாகவே வாக்களித்தார். அவருடைய தோழர்களிலேயே சிலருக்கு இது ஏற்பில்லை. எனக்கு அது சரியென்றே படுகிறது. 2025இல் அந்த நகரத்தின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 20.76 டாலர்.

இதை எங்கள் வீட்டில் சொன்னேன். என் தம்பி சிப்காட்டில் ஒரு ஆலையில் ஏழு வருடமாகக் காண்ட்ராக்ட். ஆலை மாறவில்லை, அவன் நிற்கிற மிஷின் மாறவில்லை. சம்பளச் சீட்டில் காண்ட்ராக்டர் பெயர் மட்டும் மூன்று முறை மாறியிருக்கிறது. அவன் கேட்டான், "நம்ம ஊராட்சி மன்றத்துல இப்படி ஒரு தீர்மானம் போட முடியாதாக்கா?" தீர்மானம் போடலாம். காகிதம் இருக்கிறது, பேனா இருக்கிறது. ஆனால் அது சட்டமாகாது. குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிப்பது மாநில அரசும் ஒன்றிய அரசும். ஊராட்சியோ, நகராட்சியோ, ஏன், சென்னை மாநகராட்சியோகூட அதைத் தொட முடியாது. சியாட்டில் மன்றம் என்பது அந்த ஊரளவுக்குச் சட்டமன்றம். நம்முடையது பெரும்பாலும் தெருவிளக்கு, குடிநீர், குப்பை, மேலிருந்து வரும் திட்டங்களுக்குப் பயனாளி பட்டியல்.

தேர்வாய் கண்டிகை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். ஆடு மாடு மேய்ந்த, விறகும் மூலிகையும் எடுத்த மேய்க்கால் நிலம் ஆயிரம் ஏக்கருக்கு மேல் சிப்காட்டுக்குப் போனது. மிஷெலின் டயர் ஆலை வந்தது. ஊர்மக்கள் தெருவில் நின்றார்கள், உயர் நீதிமன்றம் போனார்கள், 2012இல் பிரான்ஸ் வரைக்கும் புகார் போனது. அந்த நிலத்தின் தலைவிதி எந்த மேசையில் முடிவானது? ஊராட்சி மன்ற மேசையில் இல்லை. அதனால்தான் பதவி என்றதும் அதற்கு என்ன அதிகாரம் என்று கேட்கச் சொல்கிறேன்.

இப்போது ஆத்துப்பாக்கம்.

2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் நம் கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தின் ஆத்துப்பாக்கம் ஊராட்சிக்கு அமிர்தம் தலைவரானார். தலித் பெண். 2020 ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றும் உரிமை, தலைவர் என்ற முறையில், அவருடையது. ஏற்ற விடவில்லை. செய்தி வெளியே வந்ததும் வழக்குப் பதிவானது, கைது நடந்தது. ஐந்து நாள் கழித்து, ஆகஸ்ட் 20ஆம் தேதி, மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் ஊருக்கு வந்தார்கள். அவர்கள் முன்னிலையில் அமிர்தம் கொடியேற்றினார்.

அந்தப் புகைப்படத்தைப் பார்த்து நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். நானும் ஸ்டேட்டஸ் வைத்தேன். பிறகு யோசித்தால் வயிறு எரிந்தது. ஒரு ஊராட்சித் தலைவர், மூன்றாள் உயரக் கம்பத்தில் ஒரு துணியை ஏற்ற, கலெக்டரும் எஸ்.பி.யும் வண்டி கட்டிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. அன்று சாயங்காலம் அவர்கள் வண்டி திருவள்ளூருக்குத் திரும்பிவிடும். அமிர்தம் அம்மா அந்த ஊரிலேயே இருந்தாக வேண்டும். அதே வருடம் அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சித் தலைவர் ராஜேஸ்வரி தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருக்கும் படம் வந்தது. 2022இல், ஆகஸ்ட் 15க்கு முன்னால், தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பட்டியல் சாதித் தலைவர்கள் தடையின்றிக் கொடியேற்றுவதை உறுதிசெய்யுங்கள் என்று எல்லா மாவட்ட ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுதினார். எழுத வேண்டியிருந்தது. மேலவளவு முருகேசன் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டதிலிருந்து கணக்குப் போட்டால் அது 25 வருடம்.

கொடி, நாற்காலி, இவை கண்ணுக்குத் தெரிபவை. படம் பிடிக்கலாம். என் ஆய்வில் நான் அதிகம் பார்ப்பது படத்தில் வராத ஒன்றை: காசோலை. தமிழ்நாட்டில் ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் பதவி தனித்தொகுதி, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பது. துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். பல ஊர்களில் அவர் ஆதிக்கச் சாதிக்காரர். அவர் யாரையும் திட்ட வேண்டாம், அடிக்க வேண்டாம். கையெழுத்துப் போடாமல் இருந்தால் போதும். பம்ப் ஆபரேட்டருக்குச் சம்பளம் போகாது, மோட்டார் பழுது பார்க்கப்படாது, சேரிக்கும் ஊருக்கும் ஒரே நாளில் தண்ணீர் நிற்கும். ஊர் முழுக்க "தலைவருக்கு நிர்வாகம் தெரியல" என்று பேசும். இதற்கு எந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடுவீர்கள்?

இந்த இடத்தில் போன் செய்த தோழருக்குப் பாதிப் பதில் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். சாவந்தின் கதையை அமிர்தம் அம்மாவின் கதைக்குப் பக்கத்தில் வைத்தால்தான், ஒரே மாதிரித் தேர்தலில் ஜெயித்த இரண்டு பேருக்கும் நடுவே சாதி எவ்வளவு பெரிய மலையாகக் கிடக்கிறது என்று தெரியும். சாவந்தை எதிர்த்தவர்கள் பலர். நாற்காலியில் உட்காரக் கூடாது என்று சொன்னவர் யாரும் இல்லை.

எதிர்த்தவர்கள் சாதாரணமானவர்களும் இல்லை. 2018 மே மாதம் பெரிய நிறுவனங்களுக்கு ஒரு தொழிலாளிக்கு ஆண்டுக்கு 275 டாலர் என்று வரி போட்டு, வீடற்றவர்களுக்கு வீடு கட்ட மன்றம் முடிவெடுத்தது. ஒன்பது பேரும் ஆதரித்தார்கள். அமேசான் மிரட்டியது, கட்டட வேலையை நிறுத்தியது. ஒரே மாதத்தில் அதே மன்றம் 7-2 என்று அந்த வரியை ரத்து செய்தது. மாறாத இரண்டு பேரில் சாவந்த் ஒருவர். அடுத்த வருடத் தேர்தலில் அமேசான் தனக்கு வேண்டியவர்களை மன்றத்துக்குள் கொண்டுவர ஒரே தவணையில் பத்து லட்சம் டாலருக்கு மேல் இறக்கியது. சாவந்த் மறுபடி ஜெயித்தார். 2020இல் பெரிய நிறுவனங்கள் மீதான வரி வேறு வடிவத்தில் வந்தேவிட்டது. அதை மன்றத்தில் கொண்டுவந்தது வேறொரு உறுப்பினர், தெரசா மொஸ்கேடா. இதையும் சொல்லத்தான் வேண்டும். எல்லாவற்றையும் ஒருவர் கணக்கில் எழுதும் பழக்கம் நமக்கு வேண்டாம்.

அவர் தவறே செய்யாதவரும் இல்லை. வரிக்கான பிரச்சாரத்துக்கு மன்ற அலுவலக வளங்களைப் பயன்படுத்தினார் என்ற குற்றச்சாட்டில் சுமார் 3,500 டாலர் அபராதம் கட்டினார். ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலைக்கு எதிரான போராட்டத்தின்போது நகர மன்றக் கட்டடத்தைப் போராட்டக்காரர்களுக்குத் திறந்துவிட்டார். இவற்றையெல்லாம் சேர்த்து அவரைத் திரும்ப அழைக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் வாக்கெடுப்பு வைத்தார்கள். 310 வாக்கில் தப்பினார். நாற்பதாயிரத்துக்கு மேல் பதிவான வாக்குகளில் வெறும் 310. தெருத்தெருவாகக் கதவைத் தட்டியவர்கள் இல்லாவிட்டால் அவர் அன்றே வீட்டுக்குப் போயிருப்பார்.

போயிருந்தால் 2023 பிப்ரவரி 21 வந்திருக்காது. நம் பக்கத்துக் கதை அங்கேதான் தொடங்குகிறது.

அன்று சியாட்டில் நகர மன்றம் தன் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தில் இனம், மதம், பாலினம் என்று இருந்த பட்டியலில் 'சாதி' என்ற சொல்லைச் சேர்த்தது. ஆதரவு ஆறு, எதிர்ப்பு ஒன்று. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் அதுதான். வரைவைக் கொண்டுவந்தவர் சாவந்த். தான் பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தவள் என்பதை மறைக்காமல் சொல்லித்தான் கொண்டுவந்தார்.

ஆனால் அந்தச் சொல் அவருடைய மேசையில் தானாக முளைக்கவில்லை. தேன்மொழி சௌந்தரராஜன், நம் தமிழ்த் தலித் குடும்பத்துப் பிள்ளை, ஈக்வாலிட்டி லேப்ஸ் அமைப்பின் வழியாகப் பல வருடம் இதையே பேசிக்கொண்டிருந்தார். அம்பேத்கரியர்களின் அமைப்புகள் பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாக ஏறி இறங்கின. 2019இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் சாதியைச் சேர்த்தது. 2022 ஜனவரியில் கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகம். நடுவில் 2020 ஜூன் மாதம், சிஸ்கோ நிறுவனத்தில் ஒரு தலித் பொறியாளருக்கு மேலாளர்கள் சாதி பார்த்தார்கள் என்று கலிபோர்னிய அரசுத் துறையே வழக்குப் போட்டது. பெயரை மாற்றி, ஊரை மறைத்து, சாப்பாட்டு மேசையில் 'நீங்க வெஜ்ஜா' என்ற கேள்விக்குப் பயந்து வாழ்ந்தவர்கள் ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். வாக்கெடுப்பு நாளில் பேசுவதற்கு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பெயர் கொடுத்திருந்தார்கள். எதிர்த்தும் பெரிய அமைப்புகள் வந்தன. இந்தச் சட்டம் இந்துக்களைக் குறிவைக்கிறது என்றன. அதாவது, சாதி பார்ப்பதைத் தடுத்தால் இந்துக்களுக்குப் பாதிப்பு என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

ஆக, சாவந்த் இந்தச் சட்டத்தை நமக்குத் தந்தார் என்று சொல்வது தவறு. தலித் மக்கள் கட்டியெழுப்பிய ஒரு கோரிக்கைக்கு, ஒன்பதில் ஒரு நாற்காலி கையில் இருந்த ஒருவர் அந்த நாற்காலியைப் பயன்படுத்தினார் என்பது சரி. பார்ப்பன வீட்டில் பிறந்தவர் செய்ய வேண்டிய வேலையும் அதுதான். அதற்கு மேல் மாலை போட வேண்டாம், அதற்குக் கீழே இறக்கவும் வேண்டாம்.

இந்தச் சட்டத்தின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். அது சியாட்டில் நகர எல்லைக்குள் மட்டும்தான். அமேசான் உள்ளே. மைக்ரோசாப்ட்டின் ரெட்மண்ட் வளாகம் வெளியே. ஒரே அபார்ட்மென்ட்டில் குடியிருக்கும் இரண்டு தமிழர்களில் ஒருவருக்கு ஆபீசில் இந்தப் பாதுகாப்பு உண்டு, இன்னொருவருக்கு இல்லை. அதே ஆண்டு ஃபிரெஸ்னோ நகரம் சாதித் தடையைக் கொண்டுவந்தது. கலிபோர்னியா மாநிலம் முழுவதற்கும் ஆயிஷா வஹாப் கொண்டுவந்த மசோதா இரண்டு அவையிலும் நிறைவேறியும், 2023 அக்டோபரில் ஆளுநர் நியூசம் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். கையெழுத்துப் போடாமல் இருப்பது ஆத்துப்பாக்கம் பக்கத்தில் மட்டும் இல்லை, பார்த்தீர்களா.

இருந்தாலும் அந்தச் சட்டத்தில் எனக்குப் பொறாமை வரும் ஒரு விஷயம் உண்டு. சியாட்டிலில் வீடு வாடகைக்குக் கேட்டுப் போன இடத்தில் சாதி பார்த்து மறுத்தால், நகரத்தின் குடிமை உரிமை அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுக்கலாம். நம்மிடம் 1955ஆம் வருடத்துச் சட்டம் இருக்கிறது, தீண்டாமையின் பேரில் குடியிருப்பையும் வேலையையும் தடுப்பது குற்றம் என்றே சொல்கிறது. ஆனால் அது போலீஸ் ஸ்டேஷன் படியேறி எஃப்.ஐ.ஆர். போட வைப்பதில் தொடங்க வேண்டிய பாதை. போன வருடம் என் தோழி ஒருத்தி பொன்னேரி பக்கம் வீடு தேடினாள். அட்வான்ஸ் பேசி முடித்தாகிவிட்டது. சாவி கொடுக்கும் நேரத்தில் வீட்டுக்கார அம்மா, "தப்பா நினைக்காதம்மா, நீங்க என்ன ஆளுங்க?" என்றார். இவள் சொன்னாள். "ஊர்லேர்ந்து பையன் வரானாம்மா" என்று சாவி உள்ளே போய்விட்டது. இதற்கு எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கலாமே என்பீர்கள். அவளுக்கு மறுநாள் காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட். தூங்க ஓர் இடம் வேண்டும். அந்த வாரத்தில் அவள் தேடியது அடுத்த வீட்டைத்தான்.

சாவந்த் நான்காவது முறை நிற்கவில்லை. 2023 ஜனவரியிலேயே அதை அறிவித்துவிட்டு, மீதியிருந்த மாதங்களில்தான் சாதிச் சட்டத்தை முடித்தார். 2025இல் உடல்நலமில்லாத அம்மாவைப் பார்க்க பெங்களூரு வர அவருக்கு இந்திய அரசு விசா தரவில்லை. கணவருக்குத் தந்தது. 2020இல் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைக் கண்டித்துச் சியாட்டில் மன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவரும் அவர்தான். ஒரு நகர மன்ற உறுப்பினர் போட்ட தீர்மானம் டெல்லியில் எத்தனை பேருக்கு உறுத்தியிருக்கிறது பாருங்கள்.

நம் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. தேர்தல் நடக்காமல் தனி அலுவலர் கையில் நிர்வாகம் போனது. ஆனால் தேர்தல் என்று அறிவித்தால் நமக்கு அவகாசம் இருக்காது. இந்த அறையில் குறைந்தது மூன்று பேர் நிற்பதாக யோசிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டு பேர் பெண்கள். அவர்களிடம் நான் கேட்டது ஒன்றுதான்: தலைவர் பதவிக்கு மட்டும் பெயர் எழுதிவிட்டு வராதீர்கள், வார்டு உறுப்பினர் இடங்களுக்கும் நம் ஆட்களைத் தேடுங்கள், துணைத்தலைவரை அவர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு அக்கா உடனே பேப்பர் எடுத்துத் தன் ஊராட்சியின் வார்டுகளை எழுத ஆரம்பித்தார். ஒன்பது வார்டு. நாலுக்கு ஆள் இருக்கிறது என்றார். மீதிக்கு யார் யார் என்று அவர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்.

நான் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். நைட் ஷிஃப்ட் போக வேண்டியவர்கள் முதலில் கேளுங்கள்.